ஊழியத் தலைமையும் ஆசிரியர் பற்றுறுதியும்: தமிழகக் கிறிஸ்தவக் கல்லூரிகளை முன்வைத்து

ஊழியத் தலைமை என்னும் கருத்தை ராபர்ட் கிரீன்லீஃப் 1970இல் எழுதிய கட்டுரை மேலாண்மையியலுக்குள் கொண்டுவந்தது. ஒரு தலைவரின் கீழ் இருப்போர் மனிதர்களாக வளர்கிறார்களா, கடைநிலையில் இருப்போருக்கு அத்தலைமையால் நன்மை உண்டா என்பன அவர் வகுத்த உரைகற்கள். சீடர்களின் கால்களை இயேசு கழுவியதைப் பெரிய வியாழன்தோறும் நினைவுகூரும் மரபில் வந்த கல்லூரிகளுக்கு இக்கருத்து அந்நியமானதன்று. ஆயினும் அங்கே ஊழியம் யாரிடம் எதிர்பார்க்கப்படுகிறது? தலைமை செய்ய வேண்டிய ஊழியத்தை ஆசிரியர்மீது சுமத்தினால் பற்றுறுதி வளராது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பற்றுறுதி ஒரே தன்மையுடையதன்று. ஆய்வாளர்கள் மேயர், ஆலன் இருவரும் 1991இல் அதை மூன்றாகப் பகுத்தனர்: நிறுவனத்தை நேசிப்பதால் வருவது, விலகினால் இழப்பு நேரும் என்பதால் வருவது, கடமையுணர்வால் வருவது. இவற்றுள் முதலாவதே நற்பணியோடு நெருங்கிய தொடர்புடையது எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கும் ஆய்வு, வேறு வேலை கிடைக்காத அச்சத்தையும் அன்பென்றே கணக்கிட்டுவிடும். நிர்வாகத்தின் வழியாகவே ஆய்வு வினாநிரல் வழங்கப்பட்டால் விடைகளின் நம்பகத்தன்மை மேலும் குறையும்.

பற்றுறுதி வகைகளுக்கிடையிலான இவ்வேறுபாடு தமிழகத்தில் இன்றியமையாதது. 1837இல் வேர்விட்ட சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்த தூய வளனார் கல்லூரி போன்றவை நீண்ட பணிமரபு உடையவை. இன்றோ, இத்தகைய பல கல்லூரிகளில் ஒரே வளாகத்துக்குள் இருவகை ஆசிரியர்கள் பணியாற்றுகின்றனர். உதவிபெறும் பிரிவினருக்கு அரசு ஊதியம் தருகிறது. சுயநிதிப் பிரிவினருக்கு மாணவர் கட்டணத்திலிருந்து நிர்வாகம் தருகிறது. கிரீன்லீஃப் சொன்ன கடைநிலையினர் இங்கே சுயநிதி ஆசிரியர்களே.

சட்டமும் நிர்வாகத்தின் பொறுப்பைக் கூட்டுகிறது. அரசமைப்பின் 30(1)ஆம் உறுப்பு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அளிக்கிறது. அகமதாபாத் தூய சவேரியார் கல்லூரி வழக்கில் 1974இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. ஆசிரியரைப் பணிநீக்கம் செய்யத் துணைவேந்தரின் அல்லது அவர் அதிகாரமளித்தவரின் ஒப்புதல் வேண்டும் என்ற குஜராத் சட்டப்பிரிவு சிறுபான்மைக் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தாது என்றது அத்தீர்ப்பு. இவ்வுரிமையை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன். ஆனால் வெளிக்கட்டுப்பாடு தளரும் இடத்தில் உள்ளறம் வலுப்பட்டே ஆக வேண்டும்.

தியாகம் மத நிறுவனத்தின் இயல்புதானே என்று கேட்கலாம். துறவியான முதல்வர் வறுமை வாக்குறுதியைத் தாமே விரும்பி ஏற்றவர். அவருடைய உணவையும் முதுமையையும் துறவற சபை பார்த்துக்கொள்கிறது. வீட்டு வாடகை கட்டும் பொதுநிலை ஆசிரியர் அவ்வாக்குறுதியைத் தந்தவரல்லர். பலர் கிறிஸ்தவ சமயத்தைச் சேர்ந்தவர்களும் அல்லர். விரும்பி ஏற்றால்தான் தியாகம். பிறர் சுமத்தினால் அது ஊதியக் குறைப்பே.

ஆகவே ஊழியத் தலைமையை முதல்வரின் இன்சொல்லால் மட்டும் அளக்கக் கூடாது. எழுத்தில் உள்ள ஊதிய விகிதம், பணி உறுதி, காரணம் கூறி நடத்தப்படும் விசாரணை, கல்லூரிக் குழுக்களில் சுயநிதி ஆசிரியருக்கு இடம் ஆகிய நான்கும் அதன் அளவுகோல்களாக வேண்டும். சமயக் கல்லூரிகளின் ஆட்சிக்குழுக்கள் ஆசிரியரிடம் அர்ப்பணிப்பைக் கேட்குமுன் இந்நான்கையும் தம் கல்லூரியில் நிலைநாட்ட வேண்டும்.