மெகலோடான்

ஏறத்தாழ 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன மாபெரும் சுறா. பெயருக்குக் கிரேக்க மொழியில் ‘பெரும்பல்’ என்று பொருள். பல்லைக் கொண்டே அறியப்பட்ட விலங்குக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. சுறாவின் உடற்கூடு குருத்தெலும்பால் ஆனது. இறந்தபின் பெரும்பாலும் எஞ்சுவதில்லை. பற்களோ வரிசை வரிசையாக முளைத்து வாழ்நாள் முழுதும் உதிர்கின்றன. மெகலோடான் பற்களில் மிகப் பெரியவை சுமார் 18 செ.மீ. நீளம், உள்ளங்கையை மறைத்துவிடும்.

ஐரோப்பியர் இத்தகைய பற்களை ‘நாக்குக் கற்கள்’ என்றனர். மால்ட்டாத் தீவில் கிடைத்தவை, புனித பவுலால் கல்லாக்கப்பட்ட பாம்பு நாக்குகள் என்று நம்பி, நஞ்சு முறிக்கும் தாயத்தாக அணிந்தனர். 1666-இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட ஒரு சுறாவின் தலையை டென்மார்க் நாட்டு உடற்கூற்றியலாளர் நிக்கோலாஸ் ஸ்டெனோ அறுத்து ஆராய்ந்தார். அதன் வாயிலிருந்த பற்களும் நாக்குக் கற்களும் ஒன்றே என்று மறு ஆண்டு எழுதினார். அவருக்கு முன்பே சிலர் இதைச் சொல்லியிருந்தனர். ஆனால் கடல்மீனின் பல் பாறைக்குள் எப்படிப் புகுந்தது என்று விடாமல் கேட்டவர் அவர்தான். அந்தக் கேள்வியே 1669-இல் பாறையடுக்கு விதிகளாக விளைந்தது. புவியியல் வரலாற்றில் ஒரு மீன்தலைக்கு இத்தனை பெரிய இடம் உண்டு.

19-ஆம் நூற்றாண்டில் மெகலோடானுக்குப் பெயரிட்ட இயற்கையியலாளர் லூயி அகாசி, பல்விளிம்பின் அரம்போன்ற அமைப்பைக் கண்டு, இதை வெள்ளைச் சுறாவின் பேரினத்தில் சேர்த்தார். அந்த ஒற்றுமை நூறாண்டுக்கும் மேல் ஆய்வாளர்களைத் திசைதிருப்பியது. மெகலோடானின் முன்னோரான ஓட்டோடஸ் சுறாக்களின் பற்கள் தொடக்கத்தில் மழமழப்பான விளிம்பும் இருபுறமும் சிறுமுனைகளும் கொண்டவை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் விளிம்பு அரமாகி, சிறுமுனைகள் மறைந்தன. வெள்ளைச் சுறாவோ மாக்கோ சுறாக்களுக்கு நெருங்கிய வழியில் வந்தது. அவ்வழியில், பெருவில் கிடைத்து 2012-இல் பெயரிடப்பட்ட இடைநிலை இனத்தின் பற்களில் அரம் அரைகுறையாகவே இருக்கிறது. கடிக்க மட்டுமின்றி அறுக்கவும் உதவும் இவ்விளிம்பு இரு வழிகளிலும் தனித்தனியே தோன்றியது.

உடல் நீளம் இன்றும் தீராத வழக்கு. 1909-இல் நியூயார்க் அருங்காட்சியகத்தில் அமைத்த தாடை மிகைப்பட்டது. பின்வந்த பல கணிப்புகள் 15 முதல் 20 மீட்டர் என்றன. பெல்ஜியத்தில் கிடைத்த முதுகெலும்புத் தொடரையும் கருத்தில் கொண்ட 2025-ஆம் ஆண்டு ஆய்வு, ஒல்லியான உடலும் 24 மீட்டர் நீளமும் இருந்திருக்கலாம் என்கிறது.

பற்களின் வேதியியல், இதன் உடல் சுற்றுக்கடலைவிடச் சுமார் 7 பாகை வெப்பமாக இருந்ததைக் காட்டுகிறது. அத்தகைய உடலுக்குத் தீனி மிகுதியாக வேண்டும். கடல் குளிர்ந்தது, இரையான சிறு திமிங்கிலங்கள் குறைந்தன, வெள்ளைச் சுறா போட்டிக்கு வந்தது. அழிவுக்குக் காரணமாக இம்மூன்றுமே சொல்லப்படுகின்றன.