தொண்டைச் சீழ்க்கட்டியும் அஸ்ஸஹ்ராவியின் நிதானமும்

இஸ்லாமிய மருத்துவ வரலாற்றை எழுதுவோர் கருவிகளின் எண்ணிக்கையையும் 'முதன்முதலில்' என்னும் சொல்லையும் கொண்டே அதன் பெருமையை அளந்து வந்துள்ளனர். ஆனால் ஓர் அறுவை மருத்துவரின் தகுதி அவர் எதை அறுத்தார் என்பதில் மட்டுமன்று, எதை அறுக்காது விட்டார், ஏன் விட்டார் என்பதிலும் வெளிப்படும். தொண்டைக்குள் தோன்றும் சீழ்க்கட்டிக்குச் செய்யப்பட்ட மருத்துவத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

நோயின் இயல்பை முதலில் அறிவோம். தொண்டையின் பின்சுவருக்கும் கழுத்தெலும்புகளுக்கும் இடையே குறுகிய இடைவெளி ஒன்றுண்டு. மூக்கு, தொண்டை ஆகியவற்றிலிருந்து வரும் நிணநீரை வடிகட்டும் சிறு கணுக்கள் இளங்குழந்தைகளுக்கு அங்கே இருக்கும். சளியோ தொண்டை அழற்சியோ கண்டபின் கிருமிகள் இக்கணுக்களில் தங்கினால் அவை வீங்கிச் சீழ்பிடிக்கலாம். வளர வளர இக்கணுக்கள் சுருங்கிவிடுவதால், பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்டோரையே இந்நோய் தாக்குகிறது. சீழ் பெருகினால் மூச்சுவழி அடைபடலாம். கீழிறங்கினால் நெஞ்சறையை எட்டி உயிருக்கே உலை வைக்கலாம்.

அரபு மருத்துவ நூல்கள் தொண்டையை அடைத்து மூச்சுத்திணறச் செய்யும் நோய்கள் பலவற்றையும் 'குனாக்' என்ற பெயரின்கீழ்த் தொகுத்துப் பேசின. ஆகவே, மேற்கூறிய சீழ்க்கட்டியை அவர்கள் தனி நோயாகப் பிரித்தறிந்தனர் என்று கூறுவது மிகையாகும். அவர்கள் பிரித்தறிந்தது வேறொன்றை: வீக்கம் எங்கே இருக்கிறது, எந்நிலையில் இருக்கிறது என்பதை.

குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் கி.பி. 936 அளவில் பிறந்து, 1013 அளவில் மறைந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, 'அத்தஸ்ரீஃப்' என்னும் 30 பகுதிகள் கொண்ட மருத்துவக் களஞ்சியத்தை இயற்றினார். அதன் இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. ஏறத்தாழ 200 கருவிகளின் வரைபடங்களைக் கொண்டது. அடிநாச் சதையின் வீக்கத்தைப் பற்றி அவர் எழுதுகையில், நோயாளியை வெயிலை நோக்கி அமர்த்தி, வெள்ளியாலோ பித்தளையாலோ ஆன மெல்லிய கருவியால் நாவை அழுத்தி உள்ளே நன்கு பார்க்கச் சொல்கிறார். வீக்கம் கடினமாகவும் கருமையாகவும் உணர்ச்சி குன்றியும் இருந்தால் இரும்பைக் கொண்டு தொடலாகாது. சிவந்து, அடிப்பகுதி பருத்திருந்தால் குருதிப்பெருக்கு நேரும்; பழுக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பின்னர் அதைத் துளைக்கலாம், அல்லது அது தானே உடையும். வெண்மையாய், உருண்டையாய், காம்பு மெலிந்திருப்பதையே அறுக்கலாம். இவ்வாறு பார்த்து, பகுத்து, அதன் பின்னரே கத்தியை எடுக்கும் ஒழுங்கை அவர் வகுத்தார்.

மூச்சுக்குழலைத் திறக்கும் அறுவையைப் பற்றிய அவரது குறிப்பு இன்னும் சிறப்புடையது. இம்முறையை முன்னோர் எழுதி வைத்துள்ளனர் என்று நேர்மையுடன் கூறும் அவர், தம் நாட்டில் எவரும் அதைச் செய்து தாம் கண்டதில்லை என்றும் பதிவு செய்கிறார். அம்முன்னோருள் கிரேக்க மருத்துவர் அன்டிலஸும், ஏழாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பவுலஸும் அடங்குவர். வாயிலோ தொண்டையிலோ அடிநாச் சதையிலோ வீக்கம் இருந்து, மூச்சுக்குழல் நலமாயிருந்தால் மட்டுமே இவ்வறுவை பயன்தரும். நோய் மூச்சுக்குழலுக்கே பரவியிருந்தால் பயனில்லை என்பது அவர் வரையறுத்த எல்லை. தம் கழுத்தைக் கத்தியால் அறுத்துக்கொண்ட பணிப்பெண் ஒருத்தியின் காயத்தைத் தாம் தைத்ததையும், குரல் சற்றே கம்மியதைத் தவிர வேறு தீங்கின்றி அவள் பிழைத்ததையும் கூறி, மூச்சுக்குழலில் ஏற்படும் வெட்டு ஆறக்கூடியதே என்று முடிவுகட்டுகிறார். ஏட்டில் கண்டதைக் கண்ணால் கண்டதோடு ஒப்பிட்ட அறிஞரின் முறை இது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், இஷ்பீலியாவைச் சேர்ந்த இப்னு ஸுஹ்ர் (மறைவு 1162) இதை மேலும் ஓரடி முன்னெடுத்தார். ஆடு ஒன்றின் மூச்சுக்குழலைத் திறந்து, புண்ணைத் தேன் கலந்த நீரால் கழுவிப் பேணி, அது முற்றிலும் ஆறியதைத் தம் 'அத்தைஸீர்' நூலில் எழுதினார். மனித உயிரில் துணிவதற்குமுன் விலங்கில் சோதித்தறியும் நெறி இதில் தெளிவாகத் தெரிகிறது.

அத்தஸ்ரீஃபின் அறுவைப் பகுதியை 12ஆம் நூற்றாண்டில் துலைத்துலாவில் கிரெமோனாவின் ஜெரார்டு இலத்தீனில் பெயர்த்தார். எனினும் இவ்வறுவை குழந்தைகளுக்கு நம்பத்தக்க துணையாவதற்கு நெடுங்காலம் சென்றது. 1825இல் பிரெஞ்சு மருத்துவர் பிரெத்தோனோ, தொண்டை அடைப்பான் நோயால் மூச்சடைத்த சிறுமி ஒருத்தியை இம்முறையால் காப்பாற்றினார். 1895இல் எக்ஸ் கதிரும், 1928இல் பெனிசிலினும், 1970களில் சி.டி. ஸ்கேனும் வந்தபின் நோயை அறிவதும் தீர்ப்பதும் எளிதாயின.

இன்றும் கணிப்பே முதற்படி. காய்ச்சலுடன் உண்ண மறுத்தல், எச்சில் வடிதல், குரல் அடைத்தல், கழுத்தை ஒருபுறம் சாய்த்தே வைத்திருத்தல், மேலே நிமிர்ந்து பார்க்கத் தயங்குதல் ஆகியன எச்சரிக்கைக் குறிகள். மூளையுறை அழற்சியில் தலையைக் குனிவது கடினம். இங்கோ நிமிர்வதே பெரும்பாலும் கடினம். பக்கவாட்டு எக்ஸ் கதிர்ப் படத்தில் இரண்டாம் கழுத்தெலும்பின்முன் உள்ள மென்திசு 7 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் ஐயம் வலுக்கும். ஆனால் குழந்தை அழும்போதோ தலை குனிந்திருக்கும்போதோ எடுத்த படம் இல்லாத வீக்கத்தையும் காட்டிவிடும். மூச்சு சீராக இருந்து, கட்டி சிறிதாக இருப்பின் நாளத்தின் வழியே நுண்ணுயிர்க்கொல்லி செலுத்தி, 24 முதல் 48 மணி நேரம் கவனித்துப் பார்ப்பர். குணம் தெரியாவிட்டாலோ கட்டி பெரிதாயினோ மயக்கமருந்து கொடுத்து, மூச்சுவழியைக் குழாயால் காத்து, வாய் வழியாகச் சீழை வடிப்பர். மூச்சு அடைபடும் நிலையில் காத்திருப்பதற்கு இடமேயில்லை.

கருவிகள் மாறின, மருந்துகள் மாறின. வீக்கத்தின் இடத்தையும் நிலையையும் அறிதல், பொறுக்க வேண்டியபோது பொறுத்தல், மூச்சுக்கு ஆபத்தென்றால் தயங்காதிருத்தல் என்னும் ஒழுங்கு மட்டும் மாறவில்லை. முன்னோர் எல்லாவற்றையும் முன்பே கண்டுவிட்டனர் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதையன்று. தாம் கண்டதையும் காணாததையும் பிரித்தெழுதிய அவர்களது நேர்மையைப் பின்பற்றுவதே மரியாதை. நிமிர்ந்து பார்க்க மறுக்கும் குழந்தையை வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாது மருத்துவரிடம் கொண்டுசெல்லும் பெற்றோரும், உற்றுப் பார்த்து முடிவெடுக்கும் மருத்துவரும் அந்த மரபின் உண்மை வாரிசுகள் ஆவர்.