தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் தன்பாலீர்ப்பாளர்

பெரம்பலூர், அரியலூர் உள்ளிட்ட தமிழ்நாட்டு உள்மாவட்டங்களில் இரு பெண்களின் உறவு அரசாங்கக் காகிதத்தில் ஏறுவது பெரும்பாலும் ‘மகளைக் காணவில்லை’ என்ற புகாராகத்தான். இவர்களின் வரலாற்றை அந்தப் புகாரிலிருந்து படிப்பதே நியாயம்.

திருநங்கைகளுக்கு இப்பகுதியில் வெளிப்படையான ஓர் இடம் நெடுங்காலமாக உண்டு. பெரம்பலூரிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் வரும் உளுந்தூர்பேட்டைக்கு அருகே, கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் அவர்கள் சித்திரைதோறும், பாரதப் போரில் பலியாகும் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கிறார்கள். 2008இல் அவர்களுக்கென நல வாரியமும் வந்தது. தன்பாலீர்ப்புள்ள ஆண்களை அரசு கண்டுகொண்டது நோயச்சத்தால். 1986இல் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டன. 1998இல் அங்கே ‘சகோதரன்’ அமைப்பு தொடங்கியது. கோத்தி, பந்தி என்று தங்களுக்குள் அழைத்துக்கொண்டவர்களைத் தேடிக் களப்பணியாளர்கள் ஆணுறையோடு போனார்கள். பெண்களை விரும்பும் பெண்கள் நோய்த்தடுப்புக் கணக்கில் வராததால் அவர்களுக்கு இந்த வாசலும் திறக்கவில்லை.

தன்பாலுறவைக் குற்றமாக்கி 1862 முதல் நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது; 2013இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டது; 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் மனமொத்த உறவு குற்றமல்ல என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஊர்க் காவல் நிலையத்தின் வழக்கம் அதனால் மாறிவிடவில்லை. பெற்றோர் புகார் கொடுப்பார்கள், போலீஸ் பெண்ணைத் தேடிப் பிடித்து வீட்டில் ஒப்படைக்கும்.

அந்த வழக்கத்தை உடைத்தது மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தமக்கு இது குறித்துப் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே 2021 ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். இந்திய நீதிமன்ற வரலாற்றில் இப்படியொரு நேர்மை அரிது. காணவில்லை என்று தேடப்படுபவர்கள் மனமொத்து வாழும் வயதுவந்தோர் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும் என்றது உத்தரவு. ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்கும் தடை விதித்தது. 2022 பிப்ரவரியில் காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டு, இவர்களைத் துன்புறுத்துவது தடைசெய்யப்பட்டது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் காவலரிடம் ஒரு பெண் சுட்டிக்காட்டக்கூடிய விதி இது.

விதி இருந்தும் மீறல் நின்றபாடில்லை. வேலூர் மாவட்டத்தில் ஒரு பெண்ணைப் போலீஸ் பெற்றோரிடம் ஒப்படைத்தது. வீட்டில் அடியும், ‘சரிசெய்ய’ச் சடங்கும் நடந்ததாக அவர் நீதிமன்றத்தில் சொன்னார். 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்து, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றது. உதவி கேட்ட அழைப்புக்குச் செவிசாய்க்காத காவல் துறையையும் கண்டித்தது.

ஆனால் திருமணம் என்ற வழி இன்னும் திறக்கவில்லை: 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமண உரிமையை மறுத்து, முடிவைச் சட்டமன்றங்களிடம் விட்டுவிட்டது.