பாவையும் படமும்

குறுந்தொகையிலே ஒரு தலைவன் ஊராரை எண்ணி இரங்குகிறான். தன் காதலிக்காகப் பஞ்சாய்க் கோரை வளர்ந்த பள்ளத்தைச் சுற்றி அலைந்ததையும், அவளுக்குப் பாவை செய்து தந்ததையும், அவள் மேனியிலே தொய்யில் எழுதியதையும் அவளைக் காவல் காக்கும் சுற்றத்தார் அறியமாட்டார்கள். அரசனுடைய அறங்கூறவையத்தில் தான் இதை எடுத்துரைத்தால் என்ன ஆகும் என்று கேட்கிறான். காதற்சுவைக்காகவே நாம் இப்பாட்டைப் படிக்கிறோம். வரலாற்று நோக்கோடு படிப்பவனுக்கு வேறொன்றும் தெரிகிறது. தன் உறவுக்குச் சான்றாக அவன் காட்ட நினைப்பவை விலை கொடுத்து வாங்கிய பொருள்கள் அல்ல. கையால் செய்த பொம்மை ஒன்று. கையால் எழுதிய ஓவியம் ஒன்று.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் வழியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் கடக்கும்போதெல்லாம் இப்பாட்டு என் நினைவுக்கு வரும். 2022ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்பிலே கோரை இன்னும் வளர்கிறது. அதைக் கொண்டு பாவை புனையும் கைகள் எத்தனை இருக்கும் என்பது வேறு கேள்வி.

சங்க நூல்களில் பாவைக்கு இரண்டு பிறப்பிடங்கள் உண்டு. மகளிர் கடற்கரை மணலில் தாமே செய்து, அலை வந்து அழித்துவிட வருந்தும் வண்டற்பாவை ஒன்று. பெரும்பாணாற்றுப்படை சொல்லுகிற, தச்சர் கைத்திறத்தில் பிறந்த, ஏறிச் செல்லாமல் கையால் உருட்டி விளையாடும் சிறுதேர் போன்றவை மற்றொன்று. ஒன்று வீட்டுக் கை; மற்றது தொழிற் கை. நம் கலை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியே பேசுகின்றன. முதலாவதற்குக் கல்வெட்டும் இல்லை, பட்டறையும் இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை, புரட்டாசி மாதத்திலே, இரண்டும் ஒரே படிவரிசையில் அமர்ந்து நமக்குக் காட்சி தருகின்றன.

கொலு என்னும் சொல் அரசவையில் வீற்றிருத்தலைக் குறிப்பது. விஜயநகரத்தில் அரசர்கள் நவராத்திரி கொண்டாடிய சிறப்பைப் போர்த்துகீசியரான டொமிங்கோ பயஸ் 1520ஐ ஒட்டிய காலத்தில் கண்டு எழுதி வைத்திருக்கிறார். அரண்மனைக் கொலுவில் அரசன் நடுநாயகம். நம் வீட்டுக் கொலுவிலோ மேற்படியில் முதலிடம் ஒரு மரப்பாச்சி இணைக்கு. திருமணமாகிச் செல்லும் பெண்ணுக்குப் பெற்றோர் தரும் சீதனம் அது. செஞ்சந்தன மரத்தில் ஆணும் பெண்ணுமாகக் கடைந்தெடுத்த அந்தப் பொம்மைகள் கடையில் வாங்கப்படும்போது ஆடையின்றியே வரும். அவற்றுக்குப் பட்டுத் துண்டும் சரிகையும் சேர்த்து உடை தைப்பவள் தாய், அல்லது அத்தை. கூறைப் புடவையில் மிஞ்சிய துணியே பொம்மைக்குப் புடவையாவதும் உண்டு. மரம் தச்சனுடையது, கோலம் தாயினுடையது. செம்மரம் வெட்டுவதற்கும் விற்பதற்கும் கடுமையான கட்டுப்பாடுகள் வந்துவிட்ட இக்காலத்தில் வேறு மரங்களில் செய்தவையும் மரப்பாச்சி என்றே விலையாகின்றன. உடை தைக்கும் வேலைக்கு மட்டும் மாற்று வரவில்லை என்று நேற்று வரை எண்ணியிருந்தேன். அதுவும் இப்போது உறையிலிட்டு விற்பனைக்கு வந்துவிட்டது.

சென்னையின் தென் புறநகர்களில் இவ்வழக்கம் பரவியதற்கு ரயிலும் ஒரு காரணம். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தது. அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் பணியாற்றிய குடும்பங்கள் பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் வீடு கட்டிக் குடியேறின. தஞ்சைத் தரணியிலிருந்து வந்தவர்கள் வைக்கோலும் பழைய வேட்டியும் சுற்றிய பொம்மைப் பெட்டியையும் உடன் கொண்டு வந்தனர். எங்கள் வீட்டுப் பெட்டியும் அப்படி வந்ததுதான். அதிலே பண்ருட்டிப் பொம்மைகளுக்கு நடுவே, காகிதக் கூழால் செய்த மூக்கு மழுங்கிய ஒரு செட்டியாரும் இருந்தார். பழங்காகிதத்தை ஊறவைத்து வெந்தயத்தோடு இடித்து, உருப்பிடித்து, வெயிலில் உலர்த்தி, சுண்ணாம்பு பூசி வண்ணம் தீட்டிய பொம்மை. செய்தவர் என் அன்னையாரின் அத்தை என்பார்கள். அவருடைய பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேன்.

படத்தின் கதையும் இத்தகையதே. தஞ்சை மராத்தியர் காலத்தில் செழித்த ஓவியம் பரம்பரைத் தொழிலாளர்களின் கலை. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்து மேடு எழுப்பி, பொன் தகடும் கண்ணாடிக் கற்களும் பதித்த அப்படங்கள் எளியவர் வீட்டுக்கு எட்டாதவை. 1894இல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கியபின் லட்சுமியும் சரஸ்வதியும் குறைந்த விலைக்கு வந்தார்கள். பிறகு கோவில்பட்டி கொண்டையராஜு முதலியோர் வரைந்த தெய்வப் படங்கள் நாட்காட்டிகளாகச் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாடெங்கும் சுவரேறின. அச்சு வந்ததும் வீட்டுக் கைவேலை மாய்ந்தது என்று எழுதுவோர் உண்டு. அது பாதி உண்மை. பெண்மக்கள் அந்த அச்சுப் படங்களையே விட்டுவைக்கவில்லை. லட்சுமியின் சேலை மீது உண்மைப் பட்டை ஒட்டினார்கள், சரிகை வைத்தார்கள், சம்கியும் மணியும் தைத்தார்கள். ஆயிரக்கணக்கில் அச்சான படம் ஒரு வீட்டிற்கு மட்டுமே உரிய படமாயிற்று. அவ்வாறு அணி செய்த படத்தைச் சட்டமிட்டு மகளின் புது வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள்.

தாம்பரத்திற்குக் கிழக்கே, கடலோரத்தில், ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் இருக்கிறது. சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் தோற்றுவித்த ஓவியர் குடியிருப்பு அது. ஓவியத்தை மட்டும் நம்பி உணவு உண்ண இயலாத நிலையில், அவ்வோவியர்கள் பாட்டிக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயில் நிலம் வாங்கினர். கைத்தொழிலும் கலையும் ஒரே கையின் வேலைகள் என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டினார்கள். ஒரு வேறுபாடு மட்டும் என் மனத்தை உறுத்தும். அங்குள்ள ஓவியத்தின் மூலையில் ஓவியரின் ஒப்பம் இருக்கும். என் அன்னையார் சம்கி தைத்த லட்சுமியின் மூலையில் ஒன்றும் இல்லை.

இதைச் சொல்லும் நானும் குற்றத்திற்குப் புறம்பானவன் அல்லன். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்மொழிந்தார். நான் ஆசிரியர் பயிற்சி பெற்றபோது அதன் நிழல் எஞ்சியிருந்தது. களிமண்ணில் பழங்கள் செய்து மதிப்பெண் வாங்கினோம். தலைமையாசிரியரான பிறகு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்துவதற்காகக் கைத்தொழில் பாடவேளைகளைக் கணக்குப் பாடத்திற்கு மாற்றிக் கால அட்டவணையில் கையொப்பமிட்டவன் நானே. விழுக்காடு உயர்ந்தது. எவரும் குறை சொல்லவில்லை. அலமாரியில் பாதி முடிந்த பொம்மைகள் சில காலம் கிடந்தன. பின்னர் அவற்றைக் காணவில்லை.

அன்னையார் மறைந்தபின் பொம்மைப் பெட்டி என் தமக்கையார் வீட்டிற்குச் சென்றது. சென்ற நவராத்திரிக்கு முன் அவருக்காக ஒரு பொம்மை செய்வோம் என்று என் பேத்தி பிடிவாதம் பிடித்தாள். நான் சிறுவனாயிருந்தபோது ஏரிக்கரையில் அள்ளிய மண்ணுக்கு இப்போது வழியில்லை. குயவர் ஒருவரிடம் விலைக்கு வாங்கினோம். முதற் பொம்மை உலரும்போது வெடித்தது. இரண்டாவது, கூடை ஏந்திய ஒரு கிழவி. கழுத்துச் சற்றே சாய்ந்திருந்தாலும் நின்றாள். அக்காவிடம் கொண்டு போனோம். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பொம்மையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

“யார் செய்தது என்று எழுதவில்லையே?” என்றார்.

பேத்தி என்னைப் பார்த்தாள். அக்கா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் தன் பெயரையும் ஆண்டையும் எழுதினாள். பிறகு சிறிது இடம் விட்டு, என் பெயரையும் எழுதினாள். பொம்மையைச் செட்டியாருக்குப் பக்கத்தில் வைத்தோம். செட்டியாரையும் அக்கா ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், மீண்டும் படியிலே நிறுத்தினார்.