குழந்தைக்கு வாந்தி, பேதி... மலையிலிருந்து இறங்கும் முன் செய்ய வேண்டியது என்ன?

சாயங்காலம் வாந்தி ஆரம்பிக்கும். ராத்திரி காய்ச்சல். விடிவதற்குள் தண்ணி தண்ணியாகப் பேதி. கைக்குழந்தை இருக்கும் எந்த வீட்டுக்கும் இது தெரிந்த கதைதான். கள்ளக்குறிச்சி டவுன் என்றால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். பக்கத்திலேயே சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால், கல்வராயன் மலையின் உள்கிராமத்தில் இருப்பவர்கள் முதலில் வெள்ளிமலைக்கோ கரியாலூருக்கோ வந்து சேர வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி என்றால் மலையை விட்டே இறங்க வேண்டும். அந்தச் சில மணி நேரம் வீட்டிலும் வழியிலும் என்ன கொடுக்கிறோம் என்பதில்தான் குழந்தையின் உயிர் இருக்கிறது.

எந்த வைரஸ்?

"பல் முளைக்குது, அதான் பேதி", "கண்ணு பட்டிருச்சு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சின்னக் குழந்தைகளுக்குத் திடீரென வரும் வாந்தி பேதிக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம்.

* ரோட்டா: 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளை அதிகம் படுத்துவது இதுதான். முதலில் வாந்தி, காய்ச்சல். பிறகு 3 முதல் 8 நாள் வரை பேதி. 1973-ல் ஆஸ்திரேலியாவில் ரூத் பிஷப் குழுவினர் கண்டறிந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் சக்கரம் போலத் தெரிந்ததால் இந்தப் பெயர்.
* நோரோ: வாந்தி அதிகம். 1 முதல் 3 நாளில் அடங்கிவிடும். ஆனால், வீட்டில் பெரியவர்களையும் விடாது.
* அடினோ: காய்ச்சல் குறைவு, பேதி ஒரு வாரத்தைத் தாண்டியும் இழுக்கும்.
* ஆஸ்ட்ரோ: பெரும்பாலும் லேசாக வந்து போகும்.

தண்ணீர் சுத்தமாக இருந்தால் போதாதா?

காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் அவசியம்தான். ஓடைத் தண்ணீரையும் கிணற்றையும் நம்பியிருக்கும் இடங்களில் இன்னும் அவசியம். ஆனால், ரோட்டா கை, பொம்மை, துணி வழியாகவும் பரவும். சுகாதாரத்தில் முன்னேறிய நாடுகளிலும் தடுப்பு மருந்து வரும் முன் 5 வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் வந்து போனது. அதனால்தான் சொட்டு மருந்து தேவைப்படுகிறது.

இதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. வேலூர் சி.எம்.சி-யில் ககன்தீப் காங் குழுவினர் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து 3 வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். ஒருமுறை ரோட்டா வந்தால் மறுபடி வராது என்று சொல்ல முடியாது, பலமுறை வரும் என்பது அதில் தெரிந்தது. 'ரோட்டாவாக்' என்ற இந்தியத் தடுப்பு மருந்தின் பெரிய பரிசோதனை நடந்த 3 இடங்களில் வேலூரும் ஒன்று. முதல் வருடத்தில் கடுமையான ரோட்டா பேதியை அது சுமார் 56 சதவிகிதம் குறைத்தது. 2017-ல் தமிழக அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து சேர்ந்தது. 6, 10, 14-வது வாரங்களில் போலியோ சொட்டு மருந்தோடு கொடுப்பார்கள். "சொட்டு மருந்து குடுத்தாச்சு" என்று விட்டுவிடாமல், ரோட்டாவும் கொடுத்தார்களா என்று அட்டையைப் பாருங்கள். முதல் தவணை தவறியிருந்தால் ஒரு வயதுக்குள் தொடங்கலாம்.

மருந்து எது?

இந்த வைரஸ்களுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பேதியை நிறுத்தும் மாத்திரை சின்னக் குழந்தைகளுக்கு ஆபத்து. உயிரைப் பறிப்பது, வெளியேறும் நீரும் உப்பும்தான். குடலின் உள்சுவர் பாதிக்கப்பட்டாலும் சர்க்கரையோடு சேர்ந்த உப்பை அது உறிஞ்சிக்கொள்ளும். கூடவே தண்ணீரும் உள்ளே போகும். இதுதான் ஓ.ஆர்.எஸ். கரைசலின் சூட்சுமம். 1971-ல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதைக் கொடுத்துத்தான் சுமார் 30 சதவிகிதமாக இருந்த இறப்பை 4 சதவிகிதத்துக்கும் கீழே கொண்டுவந்தார்.

* ஒரு பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால் உப்பு கூடிவிடும். 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள்.
* ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 2 வயதுக்குள் 50-100 மி.லி., அதற்கு மேல் 100-200 மி.லி.
* ஸ்பூனால் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகக் கொடுங்கள்.
* பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டருக்கு 6 தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.
* தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். 6 மாதத்துக்கு மேல் என்றால் குழைந்த சாதம், இட்லி, உப்பு போட்ட கஞ்சி கொடுக்கலாம்.
* 14 நாள் ஜிங்க்: 2-6 மாதக் குழந்தைக்கு 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி. பேதி நின்றாலும் முழுதாக முடியுங்கள்.
* மலம் கழுவிய பிறகும், ஊட்டும் முன்பும் சோப்பு போட்டுக் கைகழுவுங்கள். நோரோவுக்கு சானிடைசர் போதாது.

கடையில் டெட்ரா பாக்கெட்டில் விற்ற இனிப்புப் பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெயர் போட்டுக்கொள்ள, 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. சர்க்கரை கூடினால் பேதி அதிகமாகும். உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று அச்சிட்ட பாக்கெட்டையே கேட்டு வாங்குங்கள்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டியது எப்போது?

உச்சிக்குழியும் கண்களும் உள்வாங்கியிருந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், குழந்தை துவண்டு கிடந்தால், பால் குடிக்க மறுத்தால், எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், வலிப்பு வந்தால். 2 மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

வண்டிக்குக் காத்திருக்கும்போதும், வண்டியில் போகும்போதும் குழந்தை விழித்திருந்து விழுங்க முடிகிறதென்றால் ஸ்பூனை நிறுத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டு இரண்டு பாக்கெட்டை இப்போதே வீட்டில் வாங்கி வைத்துவிடுங்கள்.