சீமைச்சாமந்தி
கெமோமில் என்றும் அழைக்கப்படும் சீமைச்சாமந்தி, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டு மூலிகை. தாவரவியல் பெயர் மெட்ரிகேரியா கெமோமில்லா. தாயகம் ஐரோப்பாவும் மேற்காசியாவும். வெள்ளை இதழ்களின் நடுவே கூம்பாக எழும் மஞ்சள் பகுதியை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே வெற்றிடமாக இருக்கும். ஒத்த தோற்றமுள்ள செடிகளிலிருந்து பிரித்தறிய இதுவே நல்ல அடையாளம். பூவை நீராவியில் வடிக்கையில் அதிலுள்ள மெட்ரிசின் என்னும் பொருள் சிதைந்து காமசுலீன் என்னும் நீலப் பொருள் உண்டாவதால் எண்ணெய் ஆழ்ந்த நீலமாகிறது.

லாக்நுங்கா என்னும் பழைய ஆங்கில மருத்துவச் சுவடியில் உள்ள, நஞ்சை முறிக்கும் ஒன்பது மூலிகை மந்திரத்தில் இடம்பெறும் மூலிகைகளில் இதுவும் ஒன்று எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. மந்திரத்தோடு சேர்ந்திருந்ததால் மருத்துவப் பயனும் வெறும் நம்பிக்கையே என்பது பொருந்தாது. பூவிலுள்ள அபிஜெனின் என்னும் பொருள், பதற்றம் தணிக்கும் பென்சோடயசிபைன் மருந்துகள் பற்றும் மூளை ஏற்பிகளிலேயே பற்றுவது ஆய்வகத்தில் காணப்பட்டது. இப்பூவில் போடும் தேநீரில் அது சொற்பம், வெந்நீரின் இதமே அமைதி தருகிறது என்ற மறுப்பு வலுவானதுதான். ஆனால் செறிவூட்டிய சாறு பதற்றத்தைத் தணித்ததைச் சிறு அளவிலான ஆய்வுகள் காட்டியுள்ளன. தூக்கமின்மைக்குச் சான்று அவ்வளவு உறுதியில்லை. இக்குடும்பச் செடிகள் ஒவ்வாதவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.