சேலம்–சென்னை: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

சேலம் விமான நிலையம், சேலம் மாவட்டம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் அமைந்துள்ளது. இங்கிருந்து சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திற்கு நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 265 கிலோமீட்டர். சாலை வழியாகச் சென்றால் ஏறத்தாழ 340 கிலோமீட்டர்.

தொலைவு வேறுபடக் காரணம்

இவ்வேறுபாட்டிற்கு நில அமைப்பே முதன்மைக் காரணம். வான்வழிக் கோடு கல்வராயன் மலைக்கு வடக்கே, திருவண்ணாமலைக்கு அருகில் செல்கிறது. சாலையோ மலைக்குத் தெற்கே இறங்கி ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி வழியாக உளுந்தூர்பேட்டையை அடைந்து, அங்கிருந்து வடக்கே திரும்பி விழுப்புரம், திண்டிவனம் வழியாகச் சென்னையை அடைகிறது.

பறக்கும் நேரம்

இத்தடத்தில் பெரும்பாலும் ஏடிஆர் 72 வகை விமானங்களே இயக்கப்பட்டுள்ளன. சுமார் 70 இருக்கைகள் கொண்ட இவை மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடியவை. கணக்குப்படி அரை மணி நேரம் போதும். எனினும் ஓடுபாதைக்குச் செல்லுதல், மேலேறுதல், தரையிறங்க முறை காத்திருத்தல் ஆகியவற்றையும் சேர்த்து, கால அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒதுக்கப்படுகிறது.

சேவையின் வரலாறு

சேலம் விமான நிலையம் 1993 இல் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் இயங்கிய தனியார் சேவை நீடிக்கவில்லை. நீண்ட இடைவெளிக்குப் பின் 2009 இல் கிங்பிஷர் நிறுவனம் சேவையைத் தொடங்கியது. அதுவும் 2011 இல் நின்றது. சிறு நகரங்களை இணைக்கும் மத்திய அரசின் 'உடான்' திட்டத்தின்கீழ் ட்ரூஜெட் நிறுவனம் 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் இயக்கியது. அச்சேவை 2021 இல் நின்றபின், 2023 அக்டோபரில் இண்டிகோ நிறுவனம் மீண்டும் தொடங்கியது. 265 கிலோமீட்டர் என்ற தொலைவு என்றும் மாறவில்லை. ஆனால் விமானம் இல்லாத ஆண்டுகளில் அந்த ஒரு மணி நேரப் பயணம் எவருக்கும் கிடைக்கவில்லை.

நைனார்பாளையத்திலிருந்து பார்த்தால்

கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலம் வட்டத்தில் உள்ள ஊர் நைனார்பாளையம். இவ்வூரார் விமானத்தில் சென்னை செல்ல வேண்டுமானால், முதலில் எதிர்த்திசையில் 100 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே பயணம் செய்து காமலாபுரத்தை அடைய வேண்டும். அதற்குக் காரில் இரண்டு மணி நேரத்திற்கு மேலாகும். சோதனைகளுக்காக முன்கூட்டியே வந்து காத்திருக்கும் ஒரு மணி நேரம், விமானப் பயணம் ஒரு மணி நேரம் எனக் கூட்டினால் நான்கு மணி நேரத்தைத் தாண்டிவிடும். மீனம்பாக்கத்தில் இறங்கியபின் நகருக்குள் செல்லும் நேரம் தனி. ஊரிலிருந்து நேராகக் காரில் புறப்பட்டால் சென்னை 250 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏறத்தாழ ஐந்து மணி நேரம். சின்னசேலத்தில் நின்று செல்லும் சேலம்–எழும்பூர் இரவு ரயிலில் ஏறினால் உறங்கியபடியே சென்றுவிடலாம்.

இரு விமான நிலையங்களுக்கிடையே பறக்கும் நேரம் வேறு. வீட்டு வாசலிலிருந்து சேருமிடம் வரையான பயண நேரம் வேறு. சேலம் நகரத்தாருக்கு விமானம் சில மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. இரு நகரங்களுக்கும் இடையில் வாழும் நைனார்பாளையத்தாருக்கு இன்றும் சாலையும் ரயிலுமே நெருங்கிய வழிகள்.